நடுவில் நிற்பவருக்குச் சோறு போடுவது யார்?

கேள்வி கேட்டவர் கோவைப் பக்கம் சிறிய பவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு கம்பெனிகளுக்கு வார்ப்படம் செய்து கொடுக்கிறார். ஒரு பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் ரிஜெக்‌ஷன் குறையும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இந்த நேரத்தில் ஓர் அமைப்பு வந்து, "பேராசிரியரையும் உங்களையும் நாங்கள் இணைத்து வைக்கிறோம், ஒப்பந்தம், மானியம் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்கிறது. "நடுவில் ஆள் எதற்கு? நேராகப் பேராசிரியரைப் போய்ப் பார்த்தால் ஆகாதா? இவர்கள் வெறும் புரோக்கர்தானே?" என்பது அவர் கேள்வி.

நேராகப் போகலாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே திட்டமாகத் தெரிந்தால் நேராகப் போவதுதான் நல்லது. இந்த இரும்பில் கார்பன் எவ்வளவு, இந்தப் பம்பின் திறன் எவ்வளவு என்பதெல்லாம் ஆராய்ச்சி இல்லை, சோதனை. கட்டணம் கட்டினால் ரிப்போர்ட் வரும். கோவையிலேயே சிட்டார்க் போன்ற இடங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

என்ன கேட்பது என்றே தெரியாதபோதுதான் நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். பெரும்பாலான தொழிற்சாலைகள் அந்த நிலையில்தான் கல்லூரி வாசலுக்கு வருகின்றன. நான் ஒரு கல்லூரியின் தொழில் தொடர்புப் பிரிவில் 11 வருடம் உட்கார்ந்திருந்தவன், அதாவது நீங்கள் சொல்லும் அந்தப் புரோக்கர் வேலையைப் பார்த்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களைப் போலவே ஒரு பவுண்டரி முதலாளி ஒருமுறை வந்தார். 100 பீஸ் ஊற்றினால் 14 பீஸ் ப்ளோஹோல் (வாயு தங்கிய ஓட்டை) விழுந்து திரும்பி வருகிறது, தீபாவளிக்குள் இதை நிறுத்த வேண்டும் என்றார். உலோகவியல் பேராசிரியரிடம் அழைத்துப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உருகிய உலோகத்தில் வாயு கரைவது, அது உறையும் விதம், கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டியது என்று அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில், "ஒரு ஆராய்ச்சி மாணவர் வேண்டும், மூன்று வருடம் ஆகும்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் காபி சொன்னேன்.

இருவர் சொன்னதிலும் தப்பில்லை. பேராசிரியருக்கு அந்தப் பிரச்சினையிலிருந்து ஒரு கட்டுரையும் ஒரு முனைவர் பட்டமும் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு அவர் கல்லூரியில் கணக்குச் சொல்ல முடியாது. முதலாளிக்கோ அடுத்த லோடு திரும்பி வராமல் இருந்தால் போதும். இரண்டு பேரும் ஒரே ஓட்டையைத்தான் பார்த்தார்கள், ஆனால் ஒருவர் மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொண்டு பேசினார், மற்றவர் மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொண்டு பேசினார்.

அப்புறம் நான் பவுண்டரிக்குப் போய் இரண்டு நாள் சும்மா நின்றேன். இரண்டாவது ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் கூடுதலாக இருந்தது. மணல் கலக்கும் இடத்தில் தண்ணீர் கண்ணளவில்தான் ஊற்றினார்கள். பகலில் பழைய ஆள், இரவில் புது ஆள். மணலில் ஈரம் கூடினால் சூடான உலோகம் பட்டதும் ஆவி கிளம்பும், வெளியே போக வழி கிடைக்காத ஆவி வார்ப்படத்துக்குள்ளேயே ஓட்டையாகத் தங்கும். இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் தேவையில்லை, ஆனால் பேராசிரியரிடம் கேட்டதால்தான் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பிரச்சினையை இரண்டாக உடைத்தோம். மணலின் ஈரத்தை ஒரு மாதம் அளந்து எழுதுவது இறுதியாண்டு மாணவர்கள் வேலை. உலோகம் அச்சுக்குள் இறங்கும் வழியை மாற்றி வடிவமைப்பது பேராசிரியர் வேலை, அதற்கு ஆறு மாதம். முதல் பாதி தீபாவளிக்குள் முடிந்தது. இரண்டாவது பாதி ஒன்றரை வருடம் இழுத்தது, அதுவும் சொன்ன அளவு பலன் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் செய்த வேலையில் உருப்படியானது அந்த இரண்டு நாள் நின்றதுதான், இருவரையும் அறிமுகப்படுத்தியது இல்லை. அறிமுகம் ஒரு போன் காலில் முடியும்.

புரோக்கர் என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு திருத்தம். நம் ஊர்க் கமிஷன் மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரரைத் திட்டாத விவசாயி இல்லை. ஆனாலும் அவர் விவசாயியையும் வியாபாரியையும் கைகுலுக்க வைத்துவிட்டுக் கமிஷன் வாங்கிப் போகிறவர் மட்டும் இல்லை. விதைக்கும்போதே முன்பணம் கொடுக்கிறார், சரக்கைத் தரம் பிரிக்கிறார், வாங்குகிறவருக்குக் கடன் சொல்கிறார், பணம் வராவிட்டால் அந்த அடியையும் தாங்குகிறார். இரண்டு பக்கமும் தூக்க விரும்பாத சுமையை அவர் தூக்குவதால்தான் மண்டி நடக்கிறது. ஆராய்ச்சியில் நடுவில் நிற்பவரையும் இப்படித்தான் எடை போட வேண்டும். எந்தச் சுமையைத் தூக்குகிறார்? அதற்கு அவருக்குப் பணம் எங்கிருந்து, எப்போது வருகிறது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைக் கிட்டத்தட்ட முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

என் கதையே சாட்சி. என் பிரிவின் ஆண்டறிக்கையில் எண்ணப்பட்டது புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. ஒரு வருடம் 23 போட்டேன். போட்டோ, சால்வை, பொக்கே, செய்தித்தாளில் ஒரு மூலை. அந்த 23-இல் உண்மையான வேலை நடந்தது இரண்டில். யாரும் என்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குச் சம்பளம் அந்தக் கையெழுத்துகளுக்குத்தான். பவுண்டரியில் இரண்டு நாள் நின்றதற்கு அறிக்கையில் எழுத ஒரு கட்டமே கிடையாது.

இதே விஷயம் பெரிய அளவில் எப்படி நடந்தது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்.

அங்கே பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளை விற்றுக் கொடுக்க ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற வெளி அமைப்பு இருந்தது. நல்ல நோக்கத்தோடு பிறந்த அமைப்பு. கலிபோர்னியாவின் வேதியியலாளர் ஃபிரெடரிக் காட்ரெல், ஆலைப் புகையிலிருந்து தூசியை மின்சாரத்தால் பிரிக்கும் கருவியைக் கண்டுபிடித்து, அதன் காப்புரிமை வருமானம் ஆராய்ச்சிக்கே போகட்டும் என்று 1912-இல் தொடங்கியது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் தங்கள் காப்புரிமை வேலையை அதனிடம் விட்டன. 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் வேலைக்குச் சேர்ந்த நீல்ஸ் ரெய்மர்ஸ் என்ற பொறியாளர் பழைய கணக்கைப் புரட்டினார். 1954 முதல் 1967 வரை இந்த வழியில் பல்கலைக்கழகத்துக்கு வந்த பணம் 5,000 டாலருக்கும் குறைவு. பதின்மூன்று வருடத்துக்கு!

காரணம் லேசானது. கண்டுபிடிப்பு கலிபோர்னியாவில், அதைப் பார்த்து முடிவெடுக்கும் ஆள் நாட்டின் மறுகோடியில். கண்டுபிடித்தவரோடு உட்கார்ந்து டீ குடிக்காதவர் அதை யாரிடம் போய் விற்பார்? ரெய்மர்ஸ் சொன்னது, இந்த வேலையை வக்கீல்களிடம் கொடுக்காதீர்கள், சந்தை தெரிந்தவர்களிடம் கொடுங்கள், அதுவும் வளாகத்துக்குள்ளேயே கொடுங்கள் என்பது. காப்புரிமை விண்ணப்பம் எழுத வெளி வக்கீல் போதும். உள்ளே உட்காருகிறவர், "இது யாருக்குப் பயன்படும்?" என்று யோசித்துக் கதவு தட்டுகிறவராக இருக்க வேண்டும். சோதனை முயற்சியாக நடந்த முதல் வருடத்திலேயே 55,000 டாலர் வந்தது. 1970-இல் உரிம அலுவலகம் முறையாகத் தொடங்கியது. வருமானத்தில் 15 சதவீதம் அலுவலகச் செலவுக்கு. செலவு போக மிச்சம் மூன்றாகப் பிரிந்து கண்டுபிடித்தவருக்கு, அவர் துறைக்கு, அவர் கல்லூரிக்கு. அலுவலகத்துக்குச் சோறு அந்த 15 சதவீதம். அதனால் சரக்கு விற்றால்தான் அடுப்பு எரியும்.

இந்த அலுவலகத்தின் ஆரம்ப நாளில் வந்தவர் ஜான் சௌனிங். இசையமைப்பாளர், பொறியாளர் இல்லை. 1967-இல் பல்கலைக்கழகக் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். பாடகர் குரலை லேசாக அதிர விடுவார் இல்லையா, அந்த அதிர்வின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் காது அதை அதிர்வாகக் கேட்பதில்லை, வேறொரு வாத்தியத்தின் தொனியாகக் கேட்கிறது. இரண்டே அலைகளை வைத்து மணியோசை, பித்தளைக் குழல் என்று எத்தனையோ ஒலிகளை உண்டாக்கலாம்.

அலுவலகம் இதை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளின் கதவைத் தட்டியது. ஹேமண்ட் வேண்டாம் என்றது, வுர்லிட்சர் வேண்டாம் என்றது. ஒலியை எண்களால் உண்டாக்குவது என்றால் என்ன என்றே அங்கிருந்த பொறியாளர்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஜப்பானின் யமஹாவுக்குச் செய்தி போனது. அவர்களுடைய பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார், சில நிமிடங்களில் விஷயம் புரிந்துவிட்டது என்று சௌனிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யமஹா ஏற்கெனவே அந்தத் திசையில் யோசித்துக்கொண்டிருந்த கம்பெனி. வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு சௌனிங்குக்கு நிரந்தரப் பதவி தர மறுத்து வெளியே அனுப்பியிருந்தது. யமஹா ஒப்பந்தம் கனியும்போதுதான் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை. அந்த ஒலியைக் கையடக்கமான சில்லில் கொண்டுவர யமஹாவுக்கு வருடக்கணக்கில் ஆனது. 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 80-களின் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி மணி மாதிரியான எலக்ட்ரிக் பியானோ ஓசை காதில் இருக்கும். காப்புரிமைக் காலம் முடிவதற்குள் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வந்தது.

இந்தக் கதையில் நடுவில் நின்றவர் செய்தது என்ன? சௌனிங்குக்கு யமஹா என்ற பெயர் தெரியாமல் இல்லை, அவர் இசைக்காரர். ஆனால் இரண்டு முறை "வேண்டாம்" கேட்டபிறகும் மூன்றாவது கதவைத் தட்டுவதற்கு ஓர் இசையமைப்பாளருக்கு நேரமும் இல்லை, மனமும் வராது. மறுப்பை வாங்கிக்கொள்வதே ஒருவருக்கு வேலையாக இருக்க வேண்டும். நல்ல இடையாளிடம் நான் முதலில் பார்ப்பது இந்தத் தோலின் தடிப்பைத்தான்.

அதே ரெய்மர்ஸ் இன்னொன்றும் செய்தார். 1974-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுவை வெட்டி ஒட்டிய செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தானே போய்க் கோஹனிடம் பேசினார். காப்புரிமை எடுக்கக் கோஹனுக்கு விருப்பமில்லை, ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. கட்டுரை வெளிவந்து ஒரு வருடம் முடியச் சில நாட்களே இருக்கும்போது விண்ணப்பம் போனது. அமெரிக்கச் சட்டம் அந்த ஒரு வருட அவகாசம் தருகிறது, மற்ற நாடுகள் பலவற்றில் இல்லை, அதனால் வெளிநாட்டு உரிமை கைவிட்டுப் போனது. உரிமத்தை ஒரே கம்பெனிக்குக் கொடுக்காமல் வேண்டியவருக்கெல்லாம் கொடுத்தார்கள். நுழைவுக்கு 10,000 டாலர், வருடத்துக்கு 10,000 டாலர், விற்பனையில் சிறு பங்கு. 1997-இல் காப்புரிமை முடிந்தபோது 468 கம்பெனிகள் உரிமம் வாங்கியிருந்தன, வருமானம் 25 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் உரிம அலுவலகம் திறந்தன. அமெரிக்காவில் 1980-இன் பேய்-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்றதும் கூட்டம் கூடியது. ஆனால் பெரும்பாலான அலுவலகங்கள் தங்கள் செலவைக்கூடச் சம்பாதிப்பதில்லை. ஒரு சௌனிங்கும் ஒரு கோஹனும் கிடைத்த இடத்தில் மட்டும்தான் பானை நிறைந்தது. உரிமப் பணத்தை நம்பி உயிர் வாழும் இடையாளுக்கு லாட்டரிச் சீட்டுக்காரன் மனசு வந்துவிடும். பெரிய பரிசு விழும் என்று எல்லாவற்றுக்கும் அதிக விலை சொல்வார், சின்ன வேலைகளைத் தொடவே மாட்டார். உங்கள் ப்ளோஹோல் அவர் கண்ணிலேயே படாது.

தோற்ற கதை ஒன்றும் சொல்ல வேண்டும். பெனிசிலின் கண்டுபிடித்தது பிரிட்டன், அதைப் பெருமளவில் தயாரிக்கும் வழிகளுக்குக் காப்புரிமை எடுத்தது அமெரிக்கா என்ற கசப்பு பிரிட்டனுக்கு நெடுநாள் இருந்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று 1948-இல் சட்டம் போட்டு தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தை உண்டாக்கினார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான செஃபலோஸ்போரின் மருந்துகளின் உரிமத்தில் நல்ல பணம் பார்த்தது. கிறிஸ்டோபர் காக்கரெலின் ஹோவர்கிராஃப்டுக்கு யாரும் பணம் போடத் துணியாதபோது பணம் போட்டது.

1975-இல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீனும் ஜார்ஜ் கோலரும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை எடுக்கலாமா என்று கழகத்துக்குத் தகவல் போனது. அடுத்த வருடம் பதில் வந்தது: உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை. அதற்குள் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. மில்ஸ்டீனிடமிருந்து செல்களை வாங்கிப் போன அமெரிக்க ஆய்வாளர்கள், குறிப்பிட்ட பயன்களுக்கு அங்கே காப்புரிமை பெற்றார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு 1984-இல் நோபல் கிடைத்தது. இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் ஊசியாகப் போடும் விலையுயர்ந்த மருந்துகளில் பல அந்த வழியில் வந்தவை.

கழகத்தில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. கடிதத்தில் வந்த ஒரு விஷயத்தைக் கடிதத்திலேயே முடித்தார்கள், ஆய்வகத்துக்குப் போய் இரண்டு நாள் நிற்கவில்லை. அப்புறம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கு அவர்கள்தான் முதல் வாசல். அங்கே "இல்லை" என்றால் அடுத்த வாசலைத் தேடும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஸ்டான்ஃபோர்டுக்காரருக்குச் சரக்கு விற்காவிட்டால் நஷ்டம், இவர்களுக்குச் சரக்கை விட்டுவிட்டாலும் மாதச் சம்பளம் வரும். 1985-இல் அரசு அந்த ஏகபோக உரிமையைப் பிடுங்கிவிட்டது.

விற்றால்தான் சோறு என்றால் பேராசை, எப்படியும் சோறு என்றால் சோம்பல். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு ஜெர்மானியர்கள் போட்டார்கள். தொழிலுக்குப் பயன்படும் ஆராய்ச்சி செய்யும் நிலையங்களை நடத்தும் ஃபிரான்ஹோஃபர் சங்கம் 1949-இல் மியூனிக்கில் தொடங்கியது. 70-களில் அதன் நிதிமுறை உறுதிப்பட்டது: செலவில் ஏறத்தாழ 30 சதவீதம் அரசின் நிரந்தர நிதி, மிச்சத்தைக் கம்பெனிகளிடமிருந்தும் போட்டியிட்டு வாங்கும் அரசுத் திட்டங்களிலிருந்தும் சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்தால் அரசு நிதியும் தாராளமாகும். நிலையத்தின் இயக்குநர் பெரும்பாலும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருப்பார். ஒரே மனிதனின் இரண்டு கால்களும் இரண்டு கரையில்.

பாட்டு கேட்கும் எம்பி3 அப்படி வந்ததுதான். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியர் தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்ப நினைத்தார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதில் முனைவர் பட்டம் வாங்கினார். அதோடு விட்டிருந்தால் நூலகத்தில் ஒரு ஆய்வேடு, அவ்வளவுதான். அதே ஊரின் ஃபிரான்ஹோஃபர் நிலையம் எடுத்துக்கொண்டது. 1992-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டபோதும் கம்பெனிகள் போட்டி முறையையே விரும்பின. கேட்க ஆளில்லாத அந்த வருடங்களிலும் அந்தக் குழுவைக் கலைக்காமல் வைத்திருந்தார்கள். கோப்புக்கு .mp3 என்ற பெயரை முடிவு செய்தது 1995 ஜூலையில். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த 30 சதவீதம் இல்லாவிட்டால் இடையில் இருந்த வறட்சியைத் தாண்டியிருக்க முடியாது என்பது என் கருத்து. பல்கலைக்கழகம் முடித்துக் கொடுப்பது பெரும்பாலும் பாதிக் கிணறுதான். மீதிப் பாதியைத் தாண்டும்வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பிடித்திருக்கிற கைக்கும் சம்பளம் வேண்டும்.

ஃபிரான்ஹோஃபர் அளவுக்கு நம்மிடம் இல்லை. ஆனால் நம் ஊரிலேயே அறுபது எழுபது வருடப் பழைய வடிவங்கள் உண்டு, நாம் அவற்றை இப்படிப் பார்ப்பதில்லை.

சிட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் கோவையில் மில் முதலாளிகள் சேர்ந்து உண்டாக்கிய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். அகமதாபாத்தில் 1947-இல் தொடங்கிய அடிராவுக்குத் தம்பி மாதிரி. மில்கள் சந்தா கட்டும், மத்திய அரசும் கொடுக்கும். சிட்ரா செய்த மிகப் பெரிய வேலை என்று நான் நினைப்பது எந்தப் புதிய இயந்திரத்தையும் அல்ல, மில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டியதைத்தான். நூலின் தரம், உற்பத்தித் திறன், கிலோவுக்கான செலவு எல்லாவற்றையும் பல மில்களில் அளந்து பெயர் சொல்லாமல் வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். போட்டியாளரிடம் தன் கணக்கைக் காட்டாத முதலாளி, சிட்ராவிடம் காட்டுவார். தன் மில் கீழே கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு ஆராய்ச்சி மேல் அக்கறை வரும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கும் சேவை மையம் வைத்தார்கள். சங்க முறையில் ஒரு குறை உண்டு: எல்லாருக்கும் பொதுவான பிரச்சினையைத்தான் எடுப்பார்கள். உங்களுக்கு மட்டும் ஆதாயம் தரும் ஆராய்ச்சியை உங்கள் போட்டியாளரின் சந்தாவில் செய்ய முடியாதே.

சென்னை அடையாறில் 1948-இல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இன்னொரு மாதிரி. தோல் தொழில்நுட்பம் படிக்கும் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் அந்த வளாகத்திலேயே படிக்கிறார்கள். படித்தவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகிறார்கள், பிரச்சினை வந்தால் பழைய வாத்தியாருக்கே போன் போடுகிறார்கள். 1958 முதல் இயக்குநராக இருந்த நாயுடம்மா, ஆய்வகம் தொழிற்சாலையைத் தேடிப் போக வேண்டும் என்பதைப் பழக்கமாக்கினார். ஆனாலும் பாலாற்றில் கழிவு கலப்பதை நிறுத்தும் முறைகளைத் தோல் ஆலைகள் பரவலாக எடுத்துக்கொண்டது 1996-இல் உச்ச நீதிமன்றம் கழுத்துக்குக் கத்தி வைத்த பிறகுதான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கழிவிலிருந்து திரும்ப எடுக்கும் முறை நிலையத்திடம் இருந்தது, வாங்க வேண்டிய அவசரம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. தேவை இல்லாத இடத்தில் எந்த இடையாளாலும் தேவையை உண்டாக்க முடியாது.

தேவை தயாராக இருந்தால் வேலை எவ்வளவு சுலபம் என்பதற்கு உங்கள் விரலே சாட்சி. ஓட்டு மையைச் செய்யும் முறை டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. 1953-இல் நம் நாட்டிலும் ஒரு தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் தொடங்கியிருந்தது, பெயரும் வேலையும் பிரிட்டன் கழகத்தைப் போலவே. அதன் வழியாக உரிமம் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்துக்குப் போனது. 1962 தேர்தலிலிருந்து இன்றுவரை அந்த வெள்ளி நைட்ரேட் மை அங்கிருந்துதான் வருகிறது. வாங்குபவர் தேர்தல் ஆணையம், அளவு தெரியும், தேதி தெரியும். நடுவில் இருந்தவர் ஒரு தாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால் போதும்.

தரமணியில் 2010-இல் திறந்த ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இன்னொரு தந்திரம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியோடு சேர்ந்து ஏதாவது செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும்: மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பது, பேராசிரியரிடம் ஆலோசனை வாங்குவது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது. கட்டடமே தரகராகிவிடுகிறது. ஆனால் சென்னையில் இடம் எடுத்து உட்காரக்கூடிய கம்பெனிக்குத்தான் அது, உங்களுக்கு இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் வந்திருக்கும் அமைப்பிடம் முதலில், "உங்களுக்குப் பணம் எப்போது வருகிறது?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கையெழுத்தானதும் முழுத்தொகை என்றால் கையெழுத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. மானியத்தில் பங்கு என்றால் உங்கள் பிரச்சினையை மானிய விண்ணப்பத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்துவிடுவார்கள். ப்ளோஹோலில் ஆரம்பித்தது செயற்கை நுண்ணறிவில் போய் முடியும், நானே இதைச் செய்திருக்கிறேன். கொஞ்சம் முன்பணம், மிச்சம் வேலையின் கட்டங்களைப் பார்த்து என்றால் உட்கார்ந்து பேசலாம். அப்புறம், அவர்கள் கடைசியாக முடித்த மூன்று வேலைகளின் முதலாளிகளுடைய போன் நம்பர் கேளுங்கள். பேராசிரியர்களுடைய நம்பரைத் தந்தால் போதாது.

ஒப்பந்தத்தில் அவர்களுடைய உண்மையான உதவி தேவைப்படும் இடம் இரண்டு. ஒன்று, வேலை தொடங்குமுன் உங்களிடம் இருந்த நுட்பம் எது, பேராசிரியரிடம் இருந்தது எது என்று எழுதி வைப்பது. உங்கள் மணல் கலவையை நீங்களே இருபது வருடத்தில் கண்டுபிடித்திருக்கலாம், எழுதாவிட்டால் நாளைக்கு அது கூட்டுக் கண்டுபிடிப்பாகிவிடும். இரண்டு, கட்டுரை எப்போது வெளிவரலாம் என்பது. பேராசிரியரைக் கட்டுரையே எழுதக் கூடாது என்று கட்டாதீர்கள், நல்ல ஆள் வர மாட்டார். வெளியிடுமுன் உங்களுக்கு ஒன்றிரண்டு மாதம் காட்ட வேண்டும், காப்புரிமை எடுக்க வேண்டியது இருந்தால் அதற்குள் விண்ணப்பம் போக வேண்டும் என்று வையுங்கள். நம் நாட்டில் கட்டுரை முதலில் வெளிவந்துவிட்டால் சிறு விதிவிலக்குகள் தவிரக் காப்புரிமை போச்சு என்றுதான் அர்த்தம். பிரிட்டனில் இதற்கென்றே லாம்பர்ட் ஒப்பந்தங்கள் என்று மாதிரிப் படிவங்கள் 2005 முதல் பொதுவில் இருக்கின்றன. சட்டம் வேறு என்பதால் அப்படியே எடுக்க முடியாது, ஆனால் என்னவெல்லாம் பேச வேண்டும் என்பதற்கு நல்ல பட்டியல்.

இதெல்லாம் ஆரம்பிக்குமுன் ஒன்று செய்யுங்கள். இரண்டு ஷிஃப்டிலும் மணலின் ஈரத்தை அளந்து, அன்றைய ரிஜெக்‌ஷனோடு சேர்த்து ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். ஈரமானி விலை பெரிதில்லை. அந்த நோட்டோடு போனால் எந்தப் பேராசிரியரும் மூன்று வருடம் என்று ஆரம்பிக்க மாட்டார், நடுவில் வருகிறவரும் உங்கள் பிரச்சினையைத் தன் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஒருவேளை நோட்டு பாதி நிறையும்போதே யாரையும் பார்க்க வேண்டிய தேவை இல்லாமலும் போகலாம்.